தோள் வலி, குழந்தைக்கு வியர்வை: எந்த கேரியர் வாங்கலாம்?

ஐந்து மாதக் குழந்தையோடு கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வர தோள் விட்டுப்போகிறது, குழந்தையும் வியர்த்து அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். குழந்தையை நெஞ்சோடு கட்டித் தூக்குகிற கேரியர்களில், தோளில் மாட்டும் வார் மட்டும் இருக்கிறதை விட்டுவிடுங்கள் சகோதரி. அகலமான இடுப்பு பெல்ட் உள்ளதாக வாங்கி நன்றாக இறுக்கிக் கட்டினால் எடையில் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும், அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

அதைவிட முக்கியம் குழந்தை உட்காரும் பகுதி. ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்புவரை துணி தாங்கவேண்டும், முட்டி பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து கால் தவளை மாதிரி விரிந்திருக்கவேண்டும், நேராகத் தொங்குகிற கால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. முகம் உங்கள் பக்கம் இருக்கட்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிகிற உயரம்தான் சரி, தாடை நெஞ்சில் அழுந்தக்கூடாது, மூக்கை எதுவும் மூடக்கூடாது.

நம்ம கடற்கரைப் புழுக்கத்துக்குப் பஞ்சு வைத்தது வேண்டவே வேண்டாம், மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி போதும்.

அப்புறம், பஸ்ஸை விட்டு இறங்கி யாராவது ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தால் குழந்தையைக் கேரியரில் கட்டியபடி தயவுசெய்து ஏறாதீர்கள், விழுந்தால் உங்கள் எடை முழுக்க அவன்மேல்தான் விழும். ஆட்டோ பிடியுங்கள்.

வீட்டுக்காரரும் தூக்குவார் என்றால் அவரையும் கடைக்கு அழைத்துப்போய், பெல்ட் அவருக்கு எட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.