சமுதாய வானொலியில் ஊராட்சி அரசியல் பேசலாமா?

வணக்கம். ஊராட்சிச் சாலைப் பணி பற்றி நீங்கள் பதிவுசெய்த உரையாடலை உங்கள் பகுதிச் சமுதாய வானொலி ஒலிபரப்ப மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். பொறுப்பாளர் மீது கோபப்படாதீர்கள். செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகள் கூடாது என்பது மத்திய அரசு 2006இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. மீறினால் நிலையத்தின் அனுமதிக்கே ஆபத்து. வானிலை, மின்தடை, குடிநீர் அறிவிப்புகளுக்குத் தடையில்லை. தன் ஊர்ச் சாலையைப் பற்றி வாய் திறக்க முடியாத ஊர் வானொலி! எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

அதே பதிவைப் பாட்காஸ்டாக இணையத்தில் வெளியிடுங்கள். அதற்கு ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை. ஆனால் அவதூறுச் சட்டம் அங்கேயும் உண்டு (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356). "ஒப்பந்ததாரர் பணத்தைத் தின்றுவிட்டார்" என்று ஒருவர் பேசுவதாகச் சொன்னீர்களே, அந்த வரியை இப்போதைக்கு வெட்டிவிடுங்கள். சாலைப் பணியின் மதிப்பீட்டு அறிக்கை, அளவுப் புத்தகம் (முடிந்த வேலையை அளந்து பதியும் ஏடு) இரண்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கையில் கிடைத்ததும் ஒப்பந்ததாரரிடமும் விளக்கம் கேட்டு, அவர் குரலையும் சேர்த்தே வெளியிடுங்கள்.