வதந்தியை வைத்து டீன் காமெடி எழுதுவது: கேள்வி பதில்

கேள்வி: 'ஈஸி ஏ' (2010) படம் போல, ஹைஸ்கூல் வதந்தியை மையமாக வைத்துத் திரைக்கதை எழுதுகிறேன். 20 பக்கம் தாண்டியும் வதந்தி சூடுபிடிக்கவில்லை. கோளாறு எங்கே?

பதில்: ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 90 நிமிடப் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. முதல் பொய் 10ஆம் பக்கத்துக்குள் வரட்டும், அதுவும் அற்பப் பொய்யாக. அந்தப் படத்தில் தோழி வீட்டாரோடு முகாமுக்குப் போகாமல் தப்பிக்க, ஒரு பையனோடு டேட் இருப்பதாக நாயகி ஆலிவ் சொல்லிவைக்கிறாள். பிறகு தோழி துருவித் துருவிக் கேட்க, பள்ளிக் கழிப்பறையில் அந்தப் பொய், அவனோடு உறவு வைத்துக்கொண்டதாகப் பெரிதாகிறது. அது பக்திமானான மேரியான் காதில் விழுகிறது. பரப்புவதால் அவளுக்கு லாபம் உண்டு: தான் ஒழுக்கமானவள் என்று காட்டிக்கொள்ளலாம்.

லாபம் இல்லாமல் யாரும் வதந்தியைச் சுமக்க மாட்டார்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: யார் கேட்டது, யாரிடம் சொன்னது, எதை மாற்றியது, அதனால் என்ன கிடைத்தது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பாத்திரத்தை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: "உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று என் திரைக்கதையைப் படித்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

பதில்: நாயகி வாய் திறக்காததற்கு ஒரே காரணத்தைப் படம் முழுக்க இழுத்தால் அப்படித்தான் கேட்பார்கள். காரணம் மாறிக்கொண்டே வர வேண்டும். முதலில் அவளுக்கே அந்தக் கவனிப்பு பிடித்திருக்கிறது. அடுத்து, ஓரினச்சேர்க்கையாளன் என்பதால் அடிபடும் பிராண்டனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் உண்மையைச் சொல்லத் துணியும்போது, அவளோடு உறவு வைத்ததாகப் பொய்ப் பெயர் வாங்கிய பையன்கள் சாட்சி சொல்ல மறுக்கிறார்கள். இந்த மூன்றாவது காரணம்தான் பல திரைக்கதைகளில் இருப்பதே இல்லை.

பிராண்டனோடு வரும் பார்ட்டிக் காட்சியைக் கவனியுங்கள். பூட்டிய அறைக்குள் இருவரும் உறவு கொள்வதுபோல் நடித்துக் கட்டில்மேல் குதித்துக் கூச்சல் போட, கதவுக்கு வெளியே கூட்டம் காது வைத்துக் கேட்கிறது. நாம் உள்ளே இருக்கிறோம். கேமரா வெளியே மட்டும் நின்றிருந்தால் சிரிப்பு அந்தப் பெண்மேல் விழுந்திருக்கும். இந்த வகைக் கதையில் பார்வையாளருக்கு உண்மை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேள்வி: வாய்ஸ் ஓவர் (காட்சியின் மேல் ஒலிக்கும் பாத்திரத்தின் குரல்) வைக்கலாமா?

பதில்: யாரிடம் பேசுகிறாள் என்பது தெளிவாக இருந்தால் வைக்கலாம். ஆலிவ் வெப்கேம் முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் தருகிறாள். படம் காட்டியதையே குரலும் சொன்னால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் படிக்கும் ஒரு நாவலைக் கதையோடு பின்ன ஆசை.

பதில்: பாத்திரத்துக்குப் பாத்திரம் பொருத்தாதீர்கள், கதை பாடப்புத்தகம் ஆகிவிடும். ஒரே ஒரு பொருளை எடுத்து அதன் அர்த்தத்தைத் திருப்புங்கள். ஆலிவ் வகுப்பில் படிக்கும் நத்தானியேல் ஹாதார்னின் 1850 நாவலான 'தி ஸ்கார்லெட் லெட்டர்'-இல், கள்ள உறவுக்கு அடையாளமாகச் சிவப்பு 'A' எழுத்தை அணியும்படி நாயகிக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. ஆலிவோ அதைத் தானே தன் உடையில் தைத்துக்கொள்கிறாள். மாற்றம் அவ்வளவுதான், ஆனால் அவள் குணம் முழுக்க அதில் தெரிகிறது.

கேள்வி: இன்று எல்லார் கையிலும் போன். வதந்தி நிற்குமா?

பதில்: ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் அது ஆதாரம், வதந்தி அல்ல, வாய்க்கு வாய் மாறவும் மாறாது. தொடக்கச் சம்பவத்தை யாரும் பதிவு செய்யாத இடத்தில், அரைகுறையாகக் காதில் விழும்படி வையுங்கள். போன் இரண்டாம் ஆளிடமிருந்து வேலை செய்யட்டும்.