வாங்கிய பழைய வீட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்று இப்போதுதான் தெரிந்தது. உடனே பிரித்துவிட வேண்டுமா?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் வீடு வாங்கி, குடிவந்த பிறகு கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்து, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே இருக்கலாமா, விற்றவரிடம் ஏதாவது கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். அவசரப்பட்டு ஆளை விட்டுப் பிரிக்க மட்டும் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் தப்பு பாதி நடந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது தங்கச்சிமடம். இங்கே அதை யாரும் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வதில்லை, சிமெண்ட் சீட் என்றால்தான் கடைக்காரருக்கும் புரியும். தமிழில் கல்நார் என்று நல்ல பெயர் இருக்கிறது, கல்லும் நாருமாக அது என்ன சாமான் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும், ஆனால் அது பாடப்புத்தகத்தோடு நின்றுபோனது. சிமெண்ட் என்று கேட்டால் யாருக்குப் பயம் வரும்? அப்பா ஓலையைப் பிரித்துவிட்டு இதைப் போட்டபோது அவருக்கு இருந்த கணக்கு வேறு. ஓலை என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை வேய வேண்டும், தகரம் என்றால் உப்புக்காற்று தின்றுவிடும், இது ஒருமுறை போட்டால் போட்டதுதான். துருப்பிடித்தது சீட்டை மாட்டிப் பிடிக்கிற ஜே போல்ட் மட்டும்தான், சீட் அப்படியே இருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பின்பக்கம் ஒரு அறை எடுத்தோம். பழைய சீட்டில் நாலைக் கழற்றி அளவுக்கு வெட்டிப் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னார், சரி என்றோம். கட்டிங் மெஷினை வைத்ததும் மாவு மில்லில் பறப்பதுபோல வெள்ளையாகத் தூசி, அந்தப் பக்கம் அம்மா பாயில் கருவாடு காயப்போட்டிருந்தார், அதன் மேலெல்லாம் படிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு ஓடிவந்து, "மாப்ள, மெஷினை நிறுத்தச் சொல்லுடா!" என்று கத்தினார். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். பழைய கப்பலில் குழாய்க்குச் சுற்றியிருக்கிற இதே சாமானை எடுப்பதென்றால் அந்த இடத்தையே பிளாஸ்டிக் போட்டு அடைத்துவிட்டு, உடம்பு முழுக்க மூடிக்கொண்டு இறங்குவார்களாம். இங்கே கொத்தனார் முகத்தில் துண்டுகூட இல்லை.

அன்றைக்கு உடைந்த ஓரத்தை வெயிலில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறச் சிமெண்டுக்குள் இருந்து வெள்ளையாக, பட்டுநூல் பிசிறுபோல, நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பிசிறு நாரின் கட்டு. நுரையீரலுக்குள் போவது இதிலிருந்து பிரிகிற, கண்ணுக்கே தெரியாத இழை. அது தரையில் உட்காராமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்.

இந்தச் சீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். நார் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், அதையும் சிமெண்ட் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். முழுசாக, விரிசல் இல்லாமல் மேலே கிடக்கிற சீட்டிலிருந்து உள்ளே படுத்திருப்பவருக்கு வருவது மிகக் கொஞ்சம். வெட்டும்போதும் துளை போடும்போதும் பாசியைக் கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டும்போதும்தான் அந்தப் பிடி விட்டுப்போகிறது. இதனால் நுரையீரல் புற்றுநோய் வரும், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயும் வரும், அதுவும் 20, 30, 40 வருஷம் கழித்து. இந்த அளவு வரை பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனாலும் ஒரு நாள் தூசி பட்டதற்கு ஓடிப்போய் எக்ஸ்ரே எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது. புகைபிடிக்கிறவர் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. என்னைக் கேட்டால் வீட்டில் இருப்பவர்களைவிட அந்தக் கொத்தனாருக்காகத்தான் பயப்பட வேண்டும். நமக்கு ஒரு நாள், அவருக்குப் பிழைப்பே அது.

விற்றவரிடம் சண்டைக்குப் போவதில் பலன் இருக்காது. இந்தச் சீட் இந்தியாவில் தடைசெய்த பொருள் இல்லை. இங்கே தோண்டி எடுப்பதை நிறுத்திவிட்டு ரஷ்யா, கஜகஸ்தான் என்று வெளியிலிருந்து நாரை வாங்கி இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் அடியோடு தடை போட்டுவிட்டன, அமெரிக்காகூட 2024-இல் தடையை அறிவித்தது. நான் பார்த்த எந்தப் பத்திரத்திலும் கூரை என்ன சீட் என்று ஒரு வரி இருந்ததில்லை. பத்திரம் முடிவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் கூரை மாற்றும் செலவைச் சொல்லி விலையில் பேரம் பேசியிருக்கலாம், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் சீட்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல் 459 என்ற எண் தெரிந்தால் ஆஸ்பெஸ்டாஸேதான்.

மேலே யாரையும் ஏறவிடாதீர்கள். நாரைவிட முதலில் ஆளைக் கொல்வது அதுதான். பந்து எடுக்க ஏறிய பையன் பழைய சீட் உடைந்து கீழே விழுந்த கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. இறவாரத்துக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிற வரிசை மணலில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், மழையில் கரைந்து வருவது அங்கேதான் சேரும். உடைந்த துண்டைப் போட்டு வாசலை மேடாக்குகிற வழக்கம் வேண்டவே வேண்டாம். மிதிபட்டு மிதிபட்டு அது தூளாகும்.

பிரிப்பதென்று முடிவுசெய்தால் கச்சான் காற்று பலமாக அடிக்கிற மாதங்களில் தொடாதீர்கள். நாங்கள் மீதியைப் பங்குனியில், காற்று ஓய்ந்த ஒரு காலையில் எடுத்தோம். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை மட்டும் அறுத்து, சாரத்தில் நின்றபடியே முழுச் சீட்டாக இறக்கினோம், ஒன்றையும் எறியவில்லை. துண்டு, துணி மாஸ்க்கெல்லாம் இந்த இழையைத் தடுக்காது, வடிகட்டி உள்ள முகமூடியை மச்சான் வாங்கி வந்திருந்தார். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தோம், போட்டிருந்த சட்டையையும் துணியையும் சீட்டோடு சேர்த்தே கட்டினோம். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்கப் போனால், "குப்பை வண்டியில போடுங்க" என்று பதில் வந்தது. மனசு வரவில்லை. கனமான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றி, கிணற்றுக்குத் தூரமாக, எங்கள் மேட்டு நிலத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம், இடத்தை அக்கா பிள்ளைகளுக்கும் காட்டி வைத்திருக்கிறோம். இது சரியான வழி என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு இருந்த வழி.

இப்போது மேலே அலுமினிய சீட். மழை பெய்தால் பேச முடியாத சத்தம். அந்தக் கருவாட்டைக் கொட்டச் சொன்னதற்கு அம்மா இன்னும் மச்சானைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார், அது நெய்மீன் கருவாடு.