ஏஜி ஆபீஸ் யாரோட வக்கீல்? கேள்வி பதில்

அமெரிக்காவுல ஒரு மாநில அட்டர்னி ஜெனரல் (ஏஜி, அதாவது மாநிலத்தோட தலைமை வக்கீல்) ஆபீஸ்ல, நுகர்வோர் புகார் பிரிவுல பதினோரு வருஷம் குப்பை கொட்டிட்டு இப்பதான் வெளிய வந்திருக்கேன். வக்கீல் இல்ல, வர்ற புகாரைப் படிச்சு தரம் பிரிக்கிற ஆளு. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கார்த்தி: அக்கா, வாஷிங்டன்ல ஒரு அட்டர்னி ஜெனரல் இருக்காரே, ஸ்டேட்டுக்கு தனியா எதுக்கு? நம்ம ஊர் அட்வகேட் ஜெனரல் மாதிரியா?

பதில்: வாஷிங்டன்ல இருக்கிறவர் ஜனாதிபதி போட்ட ஆள், மாநில ஏஜிக்கு அவர் மேலதிகாரி கிடையாது தம்பி. வேர் என்னவோ ஒண்ணுதான், இங்கிலாந்து ராஜாவோட வக்கீல். வர்ஜீனியாவுல 1643லயே இந்தப் பதவி இருந்திருக்கு. நம்ம ஊருக்கும் அதே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், ஆனா அங்க அரசியல் சட்டம் 165வது பிரிவுப்படி கவர்னர் நியமிக்கிறார், ஆட்சி மாறுச்சுன்னா அவரும் பெட்டியக் கட்டிருவார். இங்க 43 மாநிலத்துல ஜனங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கிறாங்க. நியூஜெர்சி மாதிரி அஞ்சு இடத்துல கவர்னர் (இங்க அவர் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, ஆட்சி நடத்துறவர்) போடுறார், மெய்ன்ல சட்டசபை, டென்னசில அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே.

வித்யா: அப்ப கவர்னருக்கு பிடிக்கலன்னாலும் ஏஜி கேஸ் போடலாமா?

பதில்: மிசிசிப்பில அதான் நடந்துச்சு. 1994ல அங்க ஏஜியா இருந்த மைக் மூர், சிகரெட் கம்பெனிங்க மேல கேஸ் போட்டார். அதுக்கு முன்னாடி தனி ஆளுங்க கேஸ் போட்டா, "நீயாத்தான் குடிச்ச"ன்னு சொல்லி தப்பிச்சிருவாங்க. இவர் என்ன சொன்னார்னா, மாநிலம் சிகரெட் பிடிக்கல, ஆனா நோய் வந்த ஏழைங்களுக்கு மெடிக்கெய்ட்ல (ஏழைங்களுக்கான அரசு மருத்துவ திட்டம்) ஆஸ்பத்திரி செலவு பண்ணது மாநிலம், அந்தக் காசை எடுத்து வைன்னார். கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ் கேஸை நிறுத்தச் சொல்லி தன்னோட ஏஜிக்கு எதிராவே கோர்ட்டுக்குப் போனார், பலிக்கல. 1997ல மிசிசிப்பி தனியா செட்டில் பண்ணிருச்சு, அடுத்த வருஷம் 46 மாநிலம் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துல முதல் 25 வருஷத்துக்கு 20,600 கோடி டாலர். எனக்கு ஆறாத விஷயம், அதுல பெரும்பகுதிய புகைப்பழக்கத்த தடுக்க செலவு பண்ணாம பட்ஜெட் ஓட்டைய அடைக்க போட்டுக்கிட்டாங்க.

ராஜேஷ்: வீட்டு ஓனர் 1,800 டாலர் டெபாசிட்ட திருப்பித் தரல. ஏஜி எனக்காக வாதாடுவாரா?

பதில்: மாட்டார். அவர் மாநிலத்தோட வக்கீல், உங்களோட வக்கீல் இல்ல. நீங்க ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சின்னத் தொகை வழக்குகளப் பாக்குற கோர்ட்) போங்க. ஆனா புகாரும் போட்டு வைங்க. ஒரு தடவை கூரை ரிப்பேர்காரன் அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டான்னு ஒரு புகார், கம்பெனி பேரு புதுசா இருந்துச்சு, ஆனா ரசீதுல இருந்த போன் நம்பர எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு தேடினா வேற வேற கம்பெனி பேர்ல ஆறு பழைய புகார்ல அதே நம்பர். ஒத்தையா இருந்தா லெட்டர் போடுறதோட சரி, ஏழு ஆனதும் ஃபைல் வக்கீல் டேபிளுக்குப் போயிருச்சு.

செல்வம்: ஏஜின்னா எப்பவும் அரசு பக்கம், போலீஸ் பக்கம்தானே மேடம்?

பதில்: கிரிமினல் கேஸ் பெரும்பாலும் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அளவுல இருக்கிற அரசு வக்கீல், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி பாத்துக்குவார், அத விடுங்க. கிடியன்னு ஒரு ஏழை, ஃப்ளோரிடால திருட்டு கேஸ், வக்கீல் குடுங்கன்னு கேட்டும் குடுக்கல, ஜெயில்லேருந்து பென்சில்ல மனு எழுதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினான். ஃப்ளோரிடா ஏஜி ஆபீஸ் மத்த மாநில ஏஜிங்களுக்கு "எங்க பக்கம் நில்லுங்க"ன்னு லெட்டர் போட்டுச்சு. மினசோட்டா ஏஜி வால்டர் மாண்டேல் அதப் படிச்சிட்டு, மாசசூசெட்ஸ் ஏஜியோட சேர்ந்து இருபதுக்கு மேல மாநிலங்கள திரட்டி கிடியன் பக்கம் மனு போட்டார்! ஃப்ளோரிடா பக்கம் வந்தது ரெண்டே ரெண்டு மாநிலம். 1963ல ஒன்பது ஜட்ஜும் கிடியன் பக்கம்.

ராஜேஷ்: அக்கா, புகார்ல என்ன எழுதணும்?

பதில்: தேதி, தொகை, லீஸ் காப்பி, ஓனருக்கு அனுப்பின மெசேஜ். மூணு பக்கம் திட்டி எழுதாதீங்க, படிக்கிற ஆளுக்கு ரசீதுதான் வேணும்.