ஓசி சிப்ஸுக்கு அலாரம் எதற்கு?

கேள்வி: போனில் ரம்மியும் கேரமும் ஆடுவேன். எல்லாம் பாயின்ட்ஸுக்குத்தான், ஒரு பைசா கட்டியதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆட்டத்தில் பந்தயமாக வைக்கும் டோக்கனான சிப்ஸ் இலவசமாக வரும், அதை மட்டும் விடமாட்டேன். இதற்குப் போய் வீட்டில் தினம் சண்டை. அரசாங்கமே தடை செய்யாத ஆட்டத்தில் என்ன தப்பு? என் எட்டாவது படிக்கிற பையனும் கூட உட்கார்ந்து ஆடுகிறான், ஆடட்டுமா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தப்பே இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது, காசு வைத்து காசு எதிர்பார்க்கும் ஆட்டங்களை. வெறும் பாயின்ட்ஸுக்கு ஆடும் உங்களை அது தொடாது. ஆனால் வீட்டில் நடக்கும் சண்டை சட்டத்தைப் பற்றியதா என்ன? நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போனை எடுப்பதைப் பற்றியது. அதை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள்.

அந்த ஓசி சிப்ஸ் தருமம் இல்லை சார். நீங்கள் ஆப்பைத் திறக்க வேண்டிய நேரத்தை ஆப்பே குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு தடவை திறக்க வைக்கும். தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பெரிய பெட்டி, ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து என்று இன்னொரு கொக்கியும் இருக்கும். ‘வாங்கிவிட்டு மூடிவிடலாம்’ என்றுதான் திறப்போம். கையில் சிப்ஸ் விழுந்ததும் ஒரு கை ஆடாமல் யார் மூடுகிறார்கள்? ஆகவே முதல் வேலை, தானாக வரும் சிப்ஸை எடுக்காமல் விடுவது. ஆப்பின் நோட்டிஃபிகேஷனை முழுசாக அணையுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடக்கும்போது பொழுது போகவில்லையா, தாராளமாக ஆடுங்கள். அது நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்.

இரண்டாவது, எப்போது எழுவது. ‘ஒரு ஜெயிப்போடு எழுந்துவிடுகிறேன்’ என்பது கணக்கே இல்லை. தோற்றால் ஜெயிக்கும்வரை ஆடுவோம், ஜெயித்தால் கை நன்றாக இருக்கிறதே என்று ஆடுவோம். உட்காரும் முன்பே ஆறு ஆட்டம் என்று முடிவு செய்துகொண்டு, ஆறாவது முடிந்ததும் மூடுங்கள். எத்தனை நிமிடம் என்று வைத்தால் பாதி ஆட்டத்தில் மணி அடிக்கும், ‘இதை முடித்துவிட்டு’ என்று தோன்றும். ஆட்ட எண்ணிக்கையில் அந்தச் சாக்கு கிடையாது.

ஆப்பில் புள்ளிக்கு எத்தனை சிப் என்ற மேசையில் உட்காருவது என்பதிலும் கவனம் வேண்டும். 13 சீட்டு ரம்மியில் ஒரு கையில் அதிகபட்சம் 80 புள்ளி போகும், எடுத்த எடுப்பில் டிராப் செய்தால், அதாவது ஆடாமல் விலகினால் 20, நடுவில் என்றால் 40. புள்ளிக்கு ஒரு சிப் மேசையில் 80 சிப்ஸ்தான் உச்ச நஷ்டம். அதைப்போல் இருபது மடங்கு, அதாவது 1,600 சிப்ஸ் கையில் இருந்தால் மட்டும் அங்கே உட்காருங்கள். பலர் செய்வது தலைகீழ். தோற்றதைப் பிடிக்கப் பெரிய மேசைக்கு ஏறுவார்கள், நாலு கையில் காலியாகும், அந்த நொடியில் ‘சிப்ஸ் பேக் சலுகை விலையில்’ என்று திரையில் வந்து நிற்கும். ஒரு பைசா கட்டாதவர் முதல் பைசா கட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

அதற்கு முன்னேற்பாடு: பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட் பகுதிக்குப் போய், சேமித்து வைத்த கார்டையும் யுபிஐ கணக்கையும் நீக்குங்கள். செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள்.

இரவு ஆட்டத்துக்குத் தனி மருந்து. ஆண்ட்ராய்டு போனின் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ‘தினம் 30 நிமிடம்’ என்று ஆப் டைமர் வைப்பார்கள். அது நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். பதினொன்றே முக்காலுக்குப் பூட்டிக்கொண்ட ஆப், கால் மணி நேரத்தில் மறுபடி ‘வா’ என்று திறந்துகொள்ளும். ராத்திரி ஆடுபவருக்கு இதனால் பயனில்லை. அதே இடத்தில் இருக்கும் ஃபோகஸ் மோடில் இந்த ஆப்பைச் சேர்த்து, இரவு 10 முதல் காலை 6 வரை என்று நேரம் குறித்துவிடுங்கள். சார்ஜரைப் படுக்கை அறைக்கு வெளியே வைத்தால் இன்னும் நல்லது. 2025 பிப்ரவரியில் வந்த தமிழக விதிமுறைகள், காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கடை மூடச் சொன்னன. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உங்கள் ஆட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் நீங்களே எடுத்துப் பின்பற்ற அது நல்ல விதி.

இன்னொன்று. மேசை சாட்டில் ‘உன் சிப்ஸை நான் வாங்கிக்கிறேன், ஜிபே பண்றேன்’ என்று ஒருவர் வருவார். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். பாயின்ட்ஸ் காசாக மாறிய கணமே நீங்கள் சொன்ன ‘தடை இல்லை’ என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும். சிப்ஸ் போய்ப் பணமும் வராத கதைதான் அதிகம். வாட்ஸ்அப்பில் ‘அன்லிமிடெட் சிப்ஸ்’ என்று வரும் ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை ஏற்றும் ஃபைலை, இறக்கவே வேண்டாம். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

பையன்? ரம்மி ஆப்பின் பிளே ஸ்டோர் பக்கத்தில் வயது எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள். 18 என்றால் பேச்சு முடிந்தது. கேரம் ஆடட்டும், ஆனால் நிஜப் பலகையிலும் ஆடட்டும். ஆப்பில் காய் போகும் வழியைக் கோடு போட்டே காட்டிவிடுவார்கள், பலகையில் அவன் கண்தான் அந்தக் கோட்டைப் போட வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம வடசென்னைப் பெண். உங்கள் பேட்டையில் கேரம் கிளப்புக்கா பஞ்சம்?

கடைசியாக, மூன்று நாள் அந்த இலவச சிப்ஸைத் தொடாமல் இருந்து பாருங்கள். இருக்க முடிந்தால் கவலை இல்லை. எரிச்சல் வருகிறது, பாத்ரூமுக்குப் போனை எடுத்துப் போகிறீர்கள், எத்தனை நேரம் ஆடினீர்கள் என்று வீட்டில் பொய் சொல்கிறீர்கள், வேலைக்குத் தாமதமானாலும் நிறுத்த முடியவில்லை என்றால் விஷயம் வேறு. காசு கட்டினீர்களா என்று மருத்துவம் பார்ப்பதில்லை. கட்டுப்பாடு போனதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா என்றுதான் பார்க்கும். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி இடமே உண்டு. பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.