செயின் பெட்டிக்கு எந்த ஒயில்? உழவுக்கு முன் கேள்வி பதில்

காலபோக உழவு தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினில், மண்ணைக் கிளறும் ரோட்டரியின் பக்கத்தில் அதைச் சுழற்றும் செயின் ஓடுகிற பெட்டி இருக்கும்; அந்தச் செயின் பெட்டிக்கு என்ன ஒயில் விடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சியில் 22 வருடமாக உழவு மெசின் திருத்துகிறேன். கைப்பட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

துணுக்காயிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, கடையில கியர் ஒயில் 90-உம் இருக்கு, 140-உம் இருக்கு. தடிப்பான ஒயில்தானே செயினுக்கு நல்லது?

தம்பி, செயினில் தேய்வது வெளியே தெரிகிற தகடு இல்லை. உருளைக்குள் புஷ், புஷ்ஷுக்குள் பின். அந்தப் பின்னும் புஷ்ஷும் உரசுகிற இடத்தில்தான் தேய்மானம். அங்கே உள்ள இடைவெளி மிக மிகச் சின்னது. ஒயில் அதற்குள் இறங்கினால்தான் செயினுக்கு உயிர். 140 செயினில் வடிவாக ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்கச் சுணங்கும். மெசினோடு வந்த புத்தகத்தில் 90 அல்லது 80டபிள்யூ-90 என்று இருந்தால் அதையே விடுங்கள். 140 என்று போட்டிருந்தால் மட்டும் 140.

அதே தம்பி: 80டபிள்யூ என்றால் என்ன?

டபிள்யூ உள்ள எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் வரும் 90 சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. எங்கள் ஊருக்குப் பின் எண்தான் முக்கியம். இன்னொன்று, கியர் ஒயிலின் இலக்கத்தையும் எஞ்சின் ஒயிலின் இலக்கத்தையும் ஒப்பிட வேண்டாம், இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஒயில் 90 கிட்டத்தட்ட எஞ்சின் ஒயில் 40, 50 அளவு தடிப்புத்தான்.

மல்லாவியிலிருந்து: போத்தலில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று போட்டிருக்கு. 5 தானே உயர்ந்தது?

உயர்வு தாழ்வு இல்லை, வேலை வேறு. ஜி.எல்-5 இல் கந்தகம், பொசுபரசு சேர்ந்த மருந்து கூட. லொறிகளின் பின் அச்சில் பல்லோடு பல் வழுக்கி அழுத்துகிற இடத்துக்கு அது வேண்டும். பித்தளை, வெண்கல புஷ் உள்ள பெட்டியில் சில ஜி.எல்-5 ஒயில்கள் அந்த உலோகத்தை அரிக்கும். புத்தகம் 5 கேட்காவிட்டால் 4 போதும்.

முழங்காவிலிலிருந்து ஒரு ஐயா: அச்சைச் சுற்றி ஒயிலை மறிக்கிற சீல் ஒழுகுது. கிரீஸை அடைத்துவிட்டால் ஒழுகாது என்று சொல்லுகினம். செய்யலாமோ?

வேண்டாம் ஐயா. கையெடுத்துக் கேட்கிறேன். போன சிறுபோகம் முடிந்த கையோடு அப்படி ஒரு பெட்டி என்னிடம் வந்தது. மூடியைக் கழற்றினால் பெட்டி நிறையக் கிரீஸ், ஒரு குறையும் இல்லை. ஆனால் செயின் ஓடிய தடம் மட்டும் கிரீஸுக்குள் வாய்க்கால் வெட்டினதுபோல இருந்தது. செயின் முதல் சுற்றுகளிலேயே கிரீஸைத் தள்ளிவிட்டது. தள்ளினது திரும்பி வடிந்து வரவில்லை. இரண்டு பக்கமும் கிரீஸ் மதில், நடுவில் காய்ந்த செயின். மடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பின்னின் அடியிலும் செங்கல்தூள் மாதிரி சிவப்புத் தூள். அது உலோகம் காய்ந்து உரசின அடையாளம். செயின், இரண்டு பல்லுச்சில்லு எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. சீலின் விலை அதில் ஒரு மூலைக்கும் வராது. ஒயில் வடிந்து கீழே சேர்ந்து, செயின் திரும்பத் திரும்ப அதில் தோய்ந்து வரவேண்டும். பெட்டியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சீலை மாற்றுங்கள்.

முத்தையன்கட்டிலிருந்து: ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில வருது. இரண்டு முறை மாத்தியும் அதேதான்.

தண்ணீர் போகிறது. எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒயில் மாற்றினால் காசுதான் போகும். சேற்று உழவில் பெட்டி ஓடி ஓடிச் சூடாகும், உள்ளே காற்று விரியும். அப்புறம் நிறுத்தி, வயல் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம். பெட்டி குளிர, உள்ளே காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மேலே உள்ள காற்றுத் துளை திறந்திருந்தால் காற்றை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதனால் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள், ஒரு கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள். சீல் மாற்றும்போது அச்சில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது. வைக்கோல், கம்பித்துண்டு சுற்றியிருந்தால் அதையும் வெட்டி எடுங்கள். நிறுத்தும்போது மெசினை வரம்போரம் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு ஒயிலைப் பழைய தகரமூடியில் விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கீழே சூடு காட்டுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான்.

பரந்தனிலிருந்து: எஞ்சினில் வடித்த பழைய ஒயிலை விடலாமா?

கூடாது. கரியும் அமிலமும் அதில் இருக்கு.

ஒட்டுசுட்டானிலிருந்து: எவ்வளவு விடுவது?

மட்டமான தரையில் நிறுத்தி, அளவு பார்க்கும் நட்டைக் கழற்றி, அந்தத் துளையின் விளிம்புக்கு வரும்வரை. கூட விட்டால் நுரைக்கும், சூடாகும், சீலைத் தள்ளும். வடிக்கும் நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறக் களி கொஞ்சம் ஒட்டியிருப்பது வழமை. விரலில் குத்துகிற துண்டு இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

விசுவமடுவிலிருந்து ஒரு அக்கா: தம்பி, என்ர மகன் கனடாவில பனியில ஓடுற ஸ்னோமொபைல் வாங்கியிருக்கிறான். அதிலயும் செயின் பெட்டி இருக்காம். நாங்கள் விடுற 90 சரிவருமோ என்று கேட்கிறான்.

சரிவராது அக்கா. அங்கே விடிய வண்டியை எடுக்கும்போது சுழியத்துக்குக் கீழே 30 பாகைகூட இருக்கலாம். எங்கள் வெறும் 90 அந்தக் குளிரில் கிரீஸ் மாதிரி இறுகும். முழங்காவில் ஐயாவுக்குச் சொன்ன அதே வாய்க்கால் கதைதான். அவர்களுக்கு முன் எண்தான் முக்கியம். 75டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 40 பாகையில் சோதித்தது, 80டபிள்யூ 26 பாகையில்தான். வண்டிக் கொம்பனி தன் செயின் பெட்டிக்கென்றே விற்கும் ஒயில் முதல் தெரிவு. புத்தகம் அனுமதித்தால் செயற்கை 75டபிள்யூ-90. சில வண்டிகளில் செயினுக்குப் பதில் பல்லுள்ள பெல்ற், அதற்கு ஒயிலே இல்லை. தன் வண்டியில் எது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் சூடும் குளிரும் மாறி மாறிப் பெட்டிக்குள் ஈரம் வியர்க்கும், அதனால் பனிக்காலம் முடிந்து வண்டியை மூடி வைக்க முன்னம் ஒயிலை மாற்றட்டும். மூடியைக் கழற்றினால் செயினைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.