அப்பாவிடம் நீங்கள் வியந்து பார்த்த குணம் எது? அவருடைய இறைநம்பிக்கைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

எங்கள் அத்தா கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஐந்து வேளையும் தொழுவார்தான், ஆனால் தொழுகிறவர்கள் ஊரில் நிறைய. நான் அசந்துபோனது வருடத்துக்கு ஒருமுறை அவர் போடும் ஜகாத் கணக்கைப் பார்த்துத்தான்.

தெரியாதவர்களுக்கு: தேவைபோக மிஞ்சிய சொத்தில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது 2.5 சதவீதத்தை, ஏழைகளுக்குக் கொடுப்பது ஜகாத். கடைக்காரர் என்றால் விற்காமல் கிடக்கிற சரக்குக்கும் உண்டு.

ரமலான் நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஷட்டரை அரையாள் உயரத்துக்கு இறக்கிவிடுவார். நான் நோட்டோடு கல்லாவில் உட்காருவேன். உள்ளேயிருந்து குரல் வரும். "துவரம்பருப்பு ஒண்ணே முக்கா மூட்டை. சீரகம் நாலு கிலோ எரநூறு." எரநூறு கிராமை விட்டால் என்ன என்று கேட்டால் முறைப்பார். எலி கடித்த சோப்பைக்கூட விடமாட்டார். "பாதி விலைக்குப் போகும்ல? பாதி போடு." வாங்கின விலை இல்லை, அன்றைக்கு விற்கிற விலை.

2009 ஆகஸ்ட். நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன், கணக்கில் புலி என்று நினைப்பு. சரக்கு 5,80,000. ரொக்கம் 40,000. கடன் நோட்டில் நிச்சயம் வரக்கூடியது 20,000. மொத்த வியாபாரிக்கு நாங்கள் தரவேண்டிய 2,00,000 கழித்தால் 4,40,000. ஜகாத் 11,000 ரூபாய். கடன் நோட்டில் இனி வராது என்று தெரிந்த பாக்கியும் கிட்டத்தட்ட அதே 11,000 இருந்தது. எல்லாம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்கள் பேரில். வாரக் கூலி வந்தால் கொடுப்பார்கள். மழையில் வேலை நின்றால் அரிசி மட்டும் நிற்காதே, அப்படி ஏறிய கடன். நான் சொன்னேன்: "அத்தா, அவங்களும் ஏழைங்கதான. அந்தக் கடனைத் தள்ளிட்டு அதையே ஜகாத்னு எழுதிட்டா சரியாப் போச்சு."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வராத காசை அல்லாஹ் தலையில கட்டச் சொல்றியாடா?"

இதை அவர் ஏற்கனவே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி சட்டப்படி, ஜகாத் என்றால் பொருள் ஏழையின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். கடனைத் தள்ளுவது புண்ணியம்தான், ஆனால் ஜகாத் ஆகாது. சரி, அதோடு விட்டாரா? 11,000-ஐ எடுத்து உறையில் வைத்தார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெண்களின் கணக்கையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஆக அந்த வருடம் இரட்டைச் செலவு. வீட்டுச் சுவர் பூசாமல் கிடக்கிறது என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நானும் அன்று அம்மா பக்கம்தான். இன்றைக்கும் பாதி மனசு அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

அவரைப் பெரிய மகானாக்க வேண்டாம். முன்கோபி. பிள்ளைகளைப் பாராட்டி ஒரு வார்த்தை வராது. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் கருவாட்டுச் சாக்கைத் தானே இழுத்துக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவார். கம்பம் வழியாகக் குமுளி போகிற ஐயப்ப சாமிகள் இருமுடிக்கு வெல்லம், கற்பூரம் வாங்க வருவார்கள், வாடை அடிக்கக் கூடாதாம். இதற்கு எந்த ஹஜ்ரத்திடமும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தராசுத் தட்டு சமமாக நின்றாலும் ஒரு சிட்டிகைப் பருப்பு கூடப் போட்டுச் சாய்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். எலக்ட்ரானிக் தராசு வந்தபிறகும் அந்தச் சிட்டிகை நிற்கவில்லை.

கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. நான் கோயம்புத்தூரில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், ஜும்ஆவைத் தவிர மற்ற தொழுகை அவ்வளவாக இல்லை. ஆனால் ஜகாத்தை மட்டும் விடுவதில்லை. போன வருடம் போனில் பெருமையாகச் சொன்னேன்: "12,000 வருதுத்தா, கொடுத்துட்டேன்."

"எந்தத் தேதிக்குக் கணக்குப் பார்த்த?"

"மார்ச் 31. வருசா வருசம் அதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது கவருமெண்டு வருசம்ல? நம்ம பிறை வருசம் 354 நாளுதான். 11 நாள் எங்க?"

33 வருடம் இப்படியே போனால் ஒரு முழு வருட ஜகாத் காணாமல் போகும் என்று அவரே விளக்கினார். ஆடிட்டர் ஆபீஸ்காரனுக்கு, எட்டாம் வகுப்பு படித்தவர். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 373 ரூபாய்.

"அனுப்பிட்டியா?" என்று அன்று இரவே மறுபடி போன் வந்தது.